அரைப்பேர்

புள்ளைக்காம்பராவைப் பூட்டி ஏழு வருசம்.
தொட்டில் கட்டிய கொக்கிகள் மட்டும்
உத்தரத்தில் அப்படியே இருக்க,
செவ்வாய்தோறும் இரண்டு மணிக்கு
அங்கே கூடுகிறோம்,
மலையிலிருந்து பேர் வெட்டப்பட்டவர்கள்.

பெஞ்சுகள் மூன்று வயதுக்கு அடித்தவை.
உட்கார்ந்தால் முழங்கால் தாடையை இடிக்கும்.
எழும்ப ஆள் வேண்டும்.
அதனால்தானோ என்னவோ
வகுப்பு முடிந்தும் யாரும் எழும்புவதில்லை.

சம்பளம் யாருக்கும் கிடையாது.
தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்வது,
ஏற்பாடு அவ்வளவுதான்.
ஆஸ்பத்திரியில் வேலைபார்த்த சோமாவதி
பஸ் போர்டைச் சிங்களத்தில் வாசிக்கப் பழக்குகிறாள்.
தவறணையில் நின்ற மூக்கன் கேரம் போர்டுக்குப் பொறுப்பு;
பவுடர் தீர்ந்தால் கோதுமை மாவைத் தூவி
ஏச்சு வாங்குகிறான்.
பேச்சாயிக்கு வீடியோ கால் எடுக்கத் தெரியும்.
டோஹாவிலிருந்து மகன் முகம் வந்ததும்
வகுப்பே அவள் தோளுக்குப் பின்னால் நிற்கும்;
பாவம் அவன், பதினாறு பேருக்கும் தனித்தனியாக
சாப்பிட்டாச்சு என்று சொல்லவேண்டும்.

செக்ரோல் என்னிடம்.
நாற்பது வருசம் அதில் பேராக இருந்தவள்
இப்போது பேர் போடுகிறேன்.

கணக்குக்கு வந்தவர் தைரியநாதன் ஐயா.
கொழுந்து மடுவத்தில்
குடையும் பேனாவுமாக நின்ற அதே ஆள்.
தராசு முள் நிற்குமுன் தொகை எழுதிய அதே கை.
ஈரத்துக்கு இரண்டு கிலோ கழிவு,
மழைக்கும் அதே கழிவு, பங்குனி வெயிலுக்கும் அதே.
“சும்மா வீட்டில இருக்க முடியல்ல” என்றார்.
நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.
சீனியில்லாத தேத்தண்ணி கொடுத்தோம்.
அவருக்குச் சீனி வருத்தம்;
இல்லாவிட்டாலும் அப்படித்தான் கொடுத்திருப்போம்.

நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தார்.
கூட்டல் ஒரு மாதம், கழித்தல் இரண்டு மாதம்.
ஆடியில் மழை தகரத்தை உடைக்க
பெருக்கல் வந்தது.
“ஆளுக்கொரு கணக்கு நீங்களே போடுங்க” என்றார்.

பழனியாயி பலகைக்குப் போனாள்.
மாதம் இருபத்தைந்து நாள்.
வருசம் பன்னிரண்டு மாதம்.
முப்பத்தொரு வருசம்.
கடைசியில் எழுதினாள்: இரண்டு.
அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

விரலில் எண்ணி, அழித்து,
முந்தானையில் மறுபடி துடைத்து,
ஆயிரத்து எண்ணூற்று அறுபது என்று நிறுத்தி
கீழே கிலோ என்று எழுதினாள்.
சுண்ணாம்புக்கட்டியை வைத்துவிட்டுத் திரும்பி
அவரைப் பார்த்தாள்.
கேரம் காய் ஒன்று எங்கோ உருண்டது.

ஐயா எழுந்தார்.
அவருக்கும் ஆள் பிடிக்க வேண்டியிருந்தது;
பிடித்தது பழனியாயிதான்.
பலகையை வெகுநேரம் பார்த்தார்.
“பூச்சியம் ஒண்ணு விட்டுப்போச்சு” என்றார்.
தானே போட்டார்.
பதினெட்டாயிரத்து அறுநூறு.
“இப்ப சரி.”

அடுத்த செவ்வாய் அவர் வரவில்லை.
அதற்கடுத்ததும் இல்லை.
மன்னிப்புக் கேட்டிருக்கலாம் என்றாள் சோமாவதி.
கேட்டால் என்ன செய்வதென்று
எங்களுக்கும் தெரியாது.
பலகையை மட்டும் யாரும் அழிக்கவில்லை.

மூன்றாவது வாரம்
மூன்று மணிக்கு வந்தார்,
குடை மடங்கி, சப்பாத்தில் சேறு.
பையில் புதுப் பெட்டி சுண்ணாம்புக்கட்டி.
நான் செக்ரோலைத் திறந்தேன்.
நேரம் பிந்தினால் என்ன போடுவது என்று
எனக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான்,
நூறு தடவை, என் கணக்கில்.

அரைப்பேர் போட்டேன்.
எட்டிப் பார்த்தார்.
“சரிதான்” என்று சொல்லி
சின்னப் பெஞ்சில் மெல்ல இறங்கினார்.

“இன்னைக்கு வகுத்தல்.”

பழனியாயி கொப்பியை விரித்தாள்.
“மிச்சம் வந்தா
அத எங்க எழுதுறது, ஐயா?”