பாலத்தில் ஓட வேண்டாம்

இலக்கம் இருநூற்று அறுபத்து மூன்று.
நெஞ்சில் நான்கு ஊசி குத்தி மாட்டினார்கள்.
சப்பாத்து கொழுந்தனுடையது,
நுனியில் பழைய பேப்பர் திணித்தது.
பெயர் கொடுத்தது நானல்ல, ஃபெக்டரி ஆபீஸ்:
"லைன் ஏழிலிருந்து ரெண்டு பேர் வேணும்,
டீ-ஷேர்ட் சும்மா, காலைச் சாப்பாடும் உண்டு."
ஒன்று குசுமாவதி. மற்றது நான்.

பத்துக் கிலோமீட்டர்.
எங்கள் தோட்டத்துச் சந்தியில் தொடங்கி
ஓயாவைக் கடந்து
ஊவாவுக்குள் போய் முடியும்.
கொழும்பிலிருந்து வந்தவர்கள்
தார் ரோட்டில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கினார்கள்.
ஒருவர் வாழைப்பழத்தை
மருந்து மாதிரி நேரம் பார்த்துத் தின்றார்.

விசில் ஊதியதும் ஓடினோம்.
மேட்டில் எனக்கு மூச்சு வாங்கவில்லை.
இருபது வயதுப் பையன்கள் இடுப்பில் கைவைத்து நின்ற முடக்குகளில்
சப்பாத்துத்தான் என்னைக் கடித்தது.
தேயிலைக்குள்ளிருந்து ஒரு குரல்:
"என்னா தவமலரு, பஸ்ஸு போயிருச்சா?"
மலையே சிரித்தது. நானும்தான்.

அவர்களுக்குத் தெரியும்.
ஐந்து வருடமாய், ஞாயிறு தவிர,
விடியுமுன் ஐந்தே முக்காலுக்கு
இந்த இறக்கத்தில் ஓடுகிறவள் நான்.
பெரிய வண்டியைப் பாலம் தாங்காது.
வெலிமடை பஸ் அக்கரையில் உறுமிக்கொண்டு நிற்கும்.
ஒரு கையில் சோற்றுப் பார்சல், மறு கையில் டோர்ச்,
காலுக்குக் கீழே பலகைகள் தடதடவென்று.
அவ்வளவுதான் அந்தப் பாலம் எனக்கு,
ஒரு சத்தம்.

இன்றைக்கு அதன் வாயில்
மஞ்சள் அங்கிக்காரர் இரண்டு கையையும் விரித்து மறித்தார்.
"துவன்ன எப்பா! ஓட வேணாம்! நடங்க, நடங்க!"
இத்தனை கால் ஒன்றாய் விழுந்தால்
பழைய இரும்பு ஆடுமாம்.
வாழைப்பழக்காரர் கடிகாரத்தை நிறுத்திக்கொண்டார்,
இந்த அறுபது மீட்டர் அவர் கணக்கில் சேராது.

அப்படித்தான்,
ஓட்டப் போட்டி அன்றைக்குப் பார்த்து
அந்தப் பாலத்தை முதல்முதலாய் நடந்து கடந்தேன்.

தண்ணீர் இவ்வளவுதானா?
இருட்டில் கேட்ட சத்தத்துக்கு
நான் ஒரு பெரிய ஆற்றை வைத்திருந்தேன்.
கரையில் மூன்று பேர் கரட் கழுவினார்கள்.
மூட்டை மூட்டையாய்,
கல்லெல்லாம் தோடம்பழ நிறம்.

நடுப்பாலத்தில் பச்சைப் பலகை, மூன்று மொழி.
தமிழில் மட்டும் ஓர் எழுத்து விழுந்து
"ஊவா மாகாணம் உங்களை வரவேகிறது."
என்ன வேகிறது என்று சிரித்தேன்.
குசுமாவதிக்கு அதை விளங்கப்படுத்தவே
பத்து மீட்டர் போயிருக்கும். நின்றே விட்டோம்.

பலகைக்குக் கீழே வட்டமாய் ஒரு துருத் தடம்.
கொரோனாவுக்கு மாகாண எல்லையை மூடியபோது
தார் பீப்பா வைத்த இடம்.
அன்றைக்கு அவள் அந்தப் பக்கமிருந்து வந்து
என் சம்பளக் கவரையும் இரண்டு டின் மீனையும்
பீப்பாமேல் வைத்துவிட்டு
தள்ளிப் போய் நின்றாள்.
நான் எடுக்கும்வரை திரும்பவில்லை.
முகத்தில் துணி, என்ன பேசுவது.
இன்றைக்கும் அதைப் பேசவில்லை.
சப்பாத்து நுனியால் வட்டத்தை ஒருதரம் தொட்டாள்.
பின்னால் யாரோ "எக்ஸ்கியூஸ் மீ" என்றார்கள்.

பாலம் முடிந்ததும் எல்லாரும் மறுபடி பறந்தார்கள்.
நான் இருநூற்றுப் பதினோராவது. அவள் பன்னிரண்டு.
இல்லை, தான்தான் முந்தியதாக
இன்னமும் சண்டை.
கிரிபத், லுணு மிரிஸ், ஒரு மெடல்.
மெடலை மகன் நாய்க்குக் கட்டிவிட்டான்.

திங்கட்கிழமை, ஐந்தே முக்கால்.
பாலத்தின் தலைப்பில்
ஓட்டம் தானாக நடையாயிற்று.
நான் சொல்லவில்லை, கால்கள் செய்த வேலை.
அந்தப் பலகை இருட்டில் தெரியாது,
இருந்தும் அங்கே தலை நிமிர்ந்தது.
அக்கரையில் ஹோர்ன்மேல் ஹோர்ன்.
மிதிபலகையில் தொங்கியபடி கொண்டக்டர் கத்தினான்:
"நேத்து மெடலுக்கு ஓடினீங்கதானே அக்கே,
இன்னைக்கு என்ன?"

ஏறினேன்.
பக்கத்து சீட்டிலிருந்து
குசுமாவதி தன் பையை எடுத்தாள்.