தகரத்தில் மழை

நுவரெலியாவில் தை மாதக் குளிர்.
கையைத் தொட்டதுமே தெரிந்தது
இப்படியே அளந்தால் பொய் வரும் என்று.
குளிர்ந்த நரம்பு எவருக்கும் மெதுவாகத்தான் ஓடும்.
பேசினில் சுடுதண்ணீர் பிடித்து
இரண்டு கைகளையும் அமிழ்த்தச் சொன்னேன்.
"மலைக்கு ஏறையில யாரும் இப்பிடிச் சூடு காட்டுனதில்ல"
என்றார் பேச்சாயி. சிரிக்கவில்லை.
விரல் வெடிப்புகளில் கறை
தண்ணீருக்குக் கரையாமல் கிடந்தது.

முப்பத்திரண்டு பாகை. போதும்.
பெருவிரலின் சதைமேட்டில் ஒரு வில்லை,
மூட்டில் ஒன்று, புறங்கையில் ஒன்று.
மணிக்கட்டில் முனையை அழுத்தி
"சுண்டும், பயப்படாதீங்க" என்றேன்.
சுண்டியது.
தானாகத் துள்ளிய பெருவிரலை
அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

திரையில் மேடு பிந்தி எழுந்தது.
ஒரு செக்கனை ஆயிரமாய் நறுக்கினால்
அதில் நாலு துண்டு போதும்
மணிக்கட்டிலிருந்து பெருவிரலுக்குச் செய்தி போய்ச் சேர.
இவருக்கு ஏழு.
சுண்டுவிரல் பக்கத்து நரம்பில் குறையில்லை,
கொழுந்து கிள்ளுவதில் அதற்குப் பங்கு குறைவு.
நெரிசல் அந்த ஒரு வாசலில்தான்:
ஒன்பது தசைநாண்களோடு
ஒரே காம்பராவில் ஒரு நரம்பு.
நாண்கள் வீங்கினால் நரம்புதான் ஒதுங்க வேண்டும்.
பதினெட்டுக் கிலோ தட்டினால் முழுப்பேர்,
பதினேழரை என்றால் அரைப்பேர்.

டொக்டர் ஹேமமாலி ஊசியை ஏற்றினார்.
"கையைத் தளர விடச் சொல்லுங்க."
சொன்னேன். தளர விட்டார்.
ஓய்ந்த தசை ஊமையாக இருக்க வேண்டும்.
ஒலிபெருக்கியில் சடசடவென்று
ஒரே சீராக, நிற்காமல்.
நரம்பின் கட்டளை வராத இழைகள்
தனித்தனியே துடிக்கும் சத்தம்.

பேச்சாயி தலையைச் சாய்த்துக் கேட்டார்.
"வெளிய மழையா தம்பி?"
கண்ணாடிக்கு அப்பால் முற்றமெல்லாம் வெயில்.
"எங்க லயத்துத் தகரத்துல பேயிற மாதிரியே இருக்கு."

தகரக்கூரையில் மழை.
பரீட்சைக்கு நான் மனப்பாடம் செய்த உவமை அது,
ஆங்கிலத்தில், இரண்டு மார்க்குக்கு.
முதலில் சொன்னவர்
எந்தத் தகரத்தின் கீழ் படுத்திருந்தாரோ.

"என்ன சொல்றாங்க?" என்று டொக்டர் கேட்டார்.
சிங்களத்தில் சொன்னேன்.
ஊசியைப் பிடித்தபடி அவர்
கொஞ்சநேரம் பேசவில்லை.
மழை பெய்துகொண்டிருந்தது.

அறிக்கையில் எண்களை நிரப்பினேன்.
ஒப்பரேசனுக்குத் திகதி கேட்கலாம் என்றேன்.
"அது மட்டும் பேர் போடுவாங்களா?"
அந்தக் கட்டம் என் தாளில் இல்லை.

பசையைத் துடைக்கப் பஞ்சு கொடுத்தேன்.
இரு விரலால் பிடித்தார், நழுவியது.
குனிந்து மற்றக் கையால் எடுத்தார்.
"கந்தப்பளை பஸ் எத்தனை மணிக்கு?"