பத்து மீட்டர் ஏழு சென்டிமீட்டர்

நூற்று நாற்பத்து மூன்றை
ஏழு புள்ளி ஒன்றால் வகுத்தால்
இருபது மீட்டரும் கொஞ்சமும்.
பாதி ஒரு கை, பாதி மறு கை.
கணக்கு அவ்வளவுதான்.
மீதியெல்லாம் மொட்டைமாடி.

செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் மாடி
பதினோரு எட்டில் தீர்ந்துவிடும்.
அதனால் கம்பியின் இடக்கை
ஜமுனாபாய் வீட்டுப் படிக்கூரையில் போய் முடிகிறது.
கேட்டுத்தான் கட்டினேன்.
"டிஷ்ஷா?"
"இல்லைக்கா, பேசறதுக்கு."
"போன் இல்லையா?"
"இருக்கு."
அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

கம்பி, கடைவீதியில் மீந்த சிவப்புச் சுருள்.
முனைகளுக்கு, அறுத்து ஓட்டை போட்ட பைப் துண்டு.
நடுத்துண்டு, காய் நறுக்கும் பலகையின் ஒரு மூலை.
அன்றிலிருந்து எங்கள் வீட்டு பீன்ஸ்
சற்றுச் சாய்ந்தே நறுக்கப்படுகிறது.

பற்று வைப்பது எனக்குப் புதிதில்லை.
வாரம் ஆறு நாளும் கொலுசுக் கண்ணிகள்,
வெண்காரம், பொடி, ஊதுகுழல் தீ.
வெள்ளி உருகுவதற்கு
ஒரு மூச்சு முன்னால் கையை எடுக்க வேண்டும்.
ஈயம் அதைவிடச் சாது என்று நினைத்தேன்.
முதல் இணைப்பு சாம்பல் பூத்து நின்றது.
கொலுசாக இருந்தால் பட்டறையில் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.
நானே எனக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டேன்.

மீட்டர் முள் மூன்றில் நின்றது.
அனுப்புவதில் கால்வாசி
வாசலோடு திரும்பி வருகிறது என்று அர்த்தம்.
வெட்டிவிட்டால் ஒட்டாது,
மடக்கிப் பார்க்க வேண்டும் முதலில்.
இந்தப் பக்கம் நாலு விரல், அந்தப் பக்கம் நாலு விரல்,
கீழே ஓடி முள்ளைப் பார்,
மேலே ஓடி மடக்கு.
ஒன்றரைக்கு வந்தது.
மறுநாள் திரும்பவும் மூன்று.
இரண்டு மணி நேரம் எல்லாப் பற்றையும் சந்தேகப்பட்டபின்
மாடியேறிப் பார்த்தால்
இடக்கை முழுக்க
ஜமுனாபாயின் ஈரச் சேலை.

அன்றிரவு போர்ட் பிளேயரிலிருந்து ஒருவர்
என் அழைப்பெழுத்துகளை ஒவ்வொன்றாய்த் திருப்பிச் சொன்னார்,
அரிசியில் கல் பொறுக்குகிறவர் மாதிரி.
கடல் தாண்டியிருக்கிறேன்,
காலில் செருப்புகூட இல்லாமல்.

ஆனால் பெனடிக்ட்டுக்கு நான் கேட்கவில்லை.
ஏற்காட்டுக்கும் அப்பால் நாகலூரில்
காப்பிக் கிடங்குக் கணக்கர் அவர்.
மலை என் மாடியிலிருந்து தெரிகிறது.
கொண்டை ஊசி வளைவில் லாரி திரும்பினால்
அதன் வெளிச்சம் தெரிகிறது.
மலை முதுகுக்குப் பின்னால் அவர் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்க
நான் சொல்வதெல்லாம்
நிஜமாகவே அவர் தலைக்கு மேலே போகிறது.

"கம்பியை இறக்குங்க," என்று செய்தி அனுப்பினார்.
இறக்குவதா?
மூங்கிலுக்கு மேல் மூங்கில் கட்டி
கை சிராய்த்து ஏற்றியது ஆறு வாரம்.
இரண்டு நாள் பதில் போடவில்லை.
மூன்றாம் நாள் இறக்கினேன்.
இப்போது அது துணிக்கொடி உயரம்.
குனிந்துதான் கடக்க வேண்டும்.

ஞாயிறு பகல் பதினொன்று.
பட்டறைகள் இல்லாததால்
பாலிஷ் மோட்டார் இரைச்சல் இல்லை.
என் குரல் நேரே மேலே போய்
வானத்தில் முட்டி
நேரே கீழே விழ வேண்டும்.
அழைத்தேன்.
சட்டியில் எள் பொரிகிற சத்தம்.
அழைத்தேன்.
பொரிகிறது.
பிறகு பொரியலுக்கு அடியில்,
சளி பிடித்த தொண்டையோடு, பெனடிக்ட்:
"ஐந்து, ஏழு. நல்லா கேக்குது.
இங்கே மழை. அங்கே எப்படி, ஓவர்."

வடக்கே திரும்பினேன்.
மலைமேல் அந்த மேகம் தெரிந்தது.
கம்பிக்குப் பக்கத்துக் கொடியில்
ஜமுனாபாய் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தார்.
பித்தானை அழுத்தினேன்.
"இங்கே துணி காயுது. ஓவர்."