இருப்பு

மூன்றாம் ஜன்னலுக்கு அவள் வந்தபோது
மணி நாலே முக்கால்.
பூட்ஸ் பனி உருகித் தரையில் தேங்கியது.
கோர்லிஸ் த்வெய்ட், வயது இருபது,
பிறப்பு வடக்கு டகோட்டா,
படிக்க விரும்புவது மண்ணியல்.
கோப்பை என் முன்னால் வைத்தாள்,
கறிக்கடைக்காரர் தராசில் வைப்பதுபோல,
விரலை உடனே எடுக்காமல்.

மொன்டானாக்காரி என்றால் ஒரு கட்டணம்.
அசலூர்க்காரி என்றால் மூன்று மடங்குக்கும் மேலே.
நடுவில் கிடப்பது பன்னிரண்டு மாதம்.
அதைக் கழித்தால் மட்டும் போதாது,
கழித்ததற்குத் தாள் வேண்டும்.

தாள் இருந்தது.
தரைக்குக் கீழே ஓர் அறை, அதன் வாடகை ஒப்பந்தம்.
டயர் கடைச் சம்பளச் சீட்டுகள்,
ஒவ்வொன்றின் ஓரத்திலும் கறுப்பாய்க் கட்டைவிரல்.
வாக்காளர் அட்டை.
பிக்கப் வண்டியின் புது நம்பர் பலகை, அதற்கொரு புகைப்படம்,
பக்கத்தில் அவளே நிற்கிறாள்
மாப்பிள்ளைத் தோழன் மாதிரி விறைப்பாக.
வங்கியில் இருப்பு நாற்பத்தொரு டாலர்.
மாநிலத்தில் இருப்பு முந்நூற்று அறுபத்தைந்து நாள்.
எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மீன்பிடி உரிமம்.

"மீன் பிடிப்பாயா?"
"இல்லை.
உள்ளூர்க்காரர்களுக்கு விலை குறைவு.
அந்த விலையை ஒருமுறை
கொடுத்துப் பார்க்க ஆசை."

எங்கள் விதியில் ஒரு முள் உண்டு.
வருடத்தில் முப்பது நாள்தான்
எல்லைக்கு வெளியே தங்கலாம்.
பென்சிலால் கூட்டினேன்.
கிறிஸ்துமஸுக்கு ஐந்து.
மாடுகள் கன்று ஈனும் மாதத்தில்
அப்பாவின் இடுப்பெலும்பு முறிந்ததற்கு இருபத்தாறு.
முப்பத்தொன்று.

அவள் வாதாடவில்லை.
கோட்டின் உள்பையிலிருந்து
நாலாக மடித்த ஒரு ரசீதை எடுத்தாள்.
வீபோ, பெட்ரோல் நிலையம்,
மார்ச் பதினான்கு, இரவு 11:52.
காபி ஒன்று. கண்ணாடிப் பனி சுரண்டும் கட்டை ஒன்று.

அன்று நெடுஞ்சாலையை மூடப்போகிறார்களாம்.
கடலே இல்லாத பீச் என்ற ஊரில்
போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தி,
இங்கேயே படுத்துவிடு பெண்ணே, விடிந்து போகலாம் என்றாராம்.
பன்னிரண்டுக்குள் அந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்றாளாம்.
யாராவது சாகக் கிடக்கிறார்களா என்று கேட்டாராம்.
"ஃபீஸ்," என்று சொன்னாளாம்.
பத்து மைல். ஒரு மணி நேரம்.

நான் க்ளெண்டைவில் பிறந்தவள்.
பிறந்ததற்கு ஒரே ஒரு தாள்.
அதற்குப் பிறகு என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை.
இருபத்தாறு வருடமாக
சியாட்டிலுக்குப் போய்விட வேண்டும் என்று
பல் துலக்கும்போதெல்லாம் நினைக்கிறேன்.
என் நோக்கத்துக்குப் படிவம் கிடையாது.

அவளுடையதற்கு உண்டு.
பதினான்காம் கேள்வி:
இம்மாநிலத்தில் நிரந்தரமாக வாழும் நோக்கம் உள்ளதா?
ஆம் என்று எழுதி, அடித்து,
சின்ன எழுத்தில் கீழே:
நாலு வருடம் நிச்சயம்.
அப்புறம் மண்ணைப் பொறுத்தது.

புதுப் படிவம் ஒன்றை அவள் பக்கம் தள்ளினேன்.
பார்த்தாள். திருப்பித் தள்ளினாள்.
"இருக்கட்டும், அது உண்மைதானே."

உண்மைதான்.
அதுதான் சங்கடம்.
மேலே உட்காரும் மூன்று பேருக்கு
உண்மை என்றால் ஒரு சொல்லில் வேண்டும்.
ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதத் தொடங்கினேன்,
என் கையெழுத்து எனக்கே பிடிக்காது,
மெதுவாக எழுதினேன்.

ரசீதை வெளிச்சத்தில் பிடித்தேன்.
இந்தத் தாளில் மை கிடையாது, வெறும் சூடுதான்.
ஒரு கோடைக்குள் வெளுத்துவிடும்.
மார்ச் பதினான்கும் போகும், காபியும் போகும்.
நகல் இயந்திரத்தை அணைத்துவிட்டு
ராய்ஸ் வீட்டுக்குப் போய்விட்டான்.
மறுபடி போட்டேன்.
அது சூடாக ஆறு நிமிடம்.
சுவர்க் கடிகாரம் ஐந்தைத் தாண்டியது.
அவள் நின்றாள். நிற்பதில் தேர்ந்தவள்.

நகலில் 11:52
அசலைவிடக் கறுப்பாக வந்தது.