இடது கை

கையுறைகளை வாங்கி வந்தவன் நான்.
நானூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் இடது கைக்கானவை.
வின்னிபெக்கின் பழைய துணிக் கடைகளில்
வலது கைகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.
யார் கவனிக்கப் போகிறார்கள் என்றார் இயக்குநர்.
ரொவீனா லவாலே கவனித்தாள்.
அதற்கென்றே ஒரு காட்சி எழுதினாள்.

தொடரின் கதை இவ்வளவுதான்:
பேருந்துகளில் மறந்துபோனவை வந்து சேரும் ஓர் அறை,
ஒரு மேசை, ஒரு பேரேடு, இரண்டு குமாஸ்தாக்கள்,
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
மேசைமேல் ஒரு பல்செட் இருக்கும்,
அல்லது யாரோ பாதி தின்ற பிறந்தநாள் கேக்.
லோர்ன் ஹாவ்ரிலுக் மூக்கை உறிஞ்சுவான்.
"யாரும் தேடி வரப் போறதில்ல.
இருந்தாலும் எழுதி வை."
ஒரு நாடே சோபாவிலிருந்து சரிந்து விழுந்தது.

அந்த வரிதான் அவனுக்கு இருபத்தாறு ஆண்டு சோறு போட்டது.
பனி அள்ளும் இயந்திர விளம்பரத்தில் சொன்னான்.
சூதாட்ட விடுதியில், தட்டுகள் மோதும் சத்தத்துக்கு நடுவே சொன்னான்.
ஒரு மேயரின் சவப்பெட்டி அருகே
அவர் மனைவியே கேட்டுக்கொண்டதால் சொன்னான்.
பல் மருத்துவர் வாய்க்குள் கருவியை வைத்துக்கொண்டே கேட்டார்;
சொல்லிப் பார்த்தான்.
ஒவ்வொரு முறையும், "அது ரொவீனாவுடையது" என்று சேர்ப்பான்.
அதற்குள் கைதட்டல் வந்துவிடும்.

உண்மையில் அது யாரும் எழுதிய வசனமில்லை.
செல்கர்க் அவென்யூவில் சலவைக்கடைக்கு மேல் ஓர் அறை,
கழற்றிய கதவொன்று மேசையாக, கைப்பிடி இன்னும் அதில் இருந்தது.
பாதிரியாரையும் பனிச்சறுக்குக் கல்லையும் பற்றி
லோர்ன் ஒரு நகைச்சுவை சொல்லி முடித்தான்.
அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
"யாரும் சிரிக்கப் போறதில்ல.
இருந்தாலும் எழுதி வை."

நான்கு பருவங்கள்.
பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை தன் பங்கை விற்றுவிட்டு
வடக்கே பதினோரு நாய்களோடு ஒரு பண்ணை வாங்கிக்கொண்டாள்.
பணத்தகராறு என்றார்கள், காதல் என்றார்கள்.
நிறுத்துமிடத்தில் நான்தான் இருந்தேன்.
காரின் சூடேற்றிக் கம்பியைப் பிடுங்கி
நிதானமாகச் சுருட்டிக்கொண்டே,
பால் திரிந்துபோனதைச் சொல்வது போல்
"எனக்குச் சிரிப்பு வரலப்பா" என்றாள்.

மேலும் இரண்டு பருவங்கள் அவளில்லாமல் ஓட்டினான்.
கடைசிப் பருவத்தில் ஒரு கிளி வந்தது.
கிளியைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

(ஒற்றைக் கையுறையை உவமையாக்கி எழுதிய
பத்திரிகைக்காரனை லோர்ன் தொலைபேசியில் கூப்பிட்டு
"கைக்குளிருக்குப் போடுறதுய்யா அது" என்றான்.)

போன பிப்ரவரி, ஃப்ளின் ஃப்ளான்.
எழுநூற்றைம்பது கிலோமீட்டர். ஓட்டியவன் நான்.
முன்னாள் படைவீரர் கூடத்தில் பத்தொன்பது பேர்;
இருவர் அம்பெறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.
அறுபத்தாறு வயதில் அவனிடம் புதிதாக இருந்தது
முழங்கால் அறுவைச் சிகிச்சை மட்டும்தான்.
மருத்துவரிடம் அவன் வாய் திறக்கிறான்,
வரி முடிய இன்னும் அரை நொடி,

பின்வரிசையில் ஒரு சிரிப்பு.

எங்கள் ஒலிப்பதிவாளருக்கு நான்கு வருடமும் முக்கிய வேலை
அந்தச் சிரிப்பை வெட்டி எடுப்பதுதான்.
எங்கே போய் முடியும் என்று முன்பே தெரிந்துவிடுவதால்
எப்போதும் முந்திக்கொள்வாள்.
லோர்ன் நின்றுவிட்டான். அம்புக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
யாரோ அந்தப் பழைய வரியைக் கேட்டுக் கத்தினார்கள்.
அவன் சொல்லவில்லை.

வெளியே அவள் வண்டிக்குள் நாய்கள் கண்ணாடியை நக்கிக்கொண்டிருந்தன.
நலமா என்று இருவரும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.
"முழங்கால் உன்னோடதா இருக்கக்கூடாது," என்றாள்,
"டாக்டரோடதா இருக்கணும்."
அவன் நோட்டை எடுத்தான். பேனா உறைந்திருந்தது.
அவள் அதை வாங்கி, உள்ளங்கையில் பொத்தி,
வாயருகே கொண்டுபோய் ஊதினாள்.

நான் காரிலேயே இருந்தேன். கால் மரத்துவிட்டது.
பெட்ரோல் முள் சிவப்பைத் தொட்டபோதும்
ஹாரன் அடிக்கவில்லை.