பள்ளம் உட்பக்கம்

நாலரைக்கு மூன்றாம் தண்டவாளத்துக்கு
மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
ஈசூனில் குளித்து, மூன்று மணி நேரம் தூங்கி,
விடுப்பு நாளில் போயும் போயும்
தண்டவாளம் பார்க்கக் கிளம்பினேன்.

கூடத்தின் நடுவே டிராம்.
பச்சைப் பூச்சு நேற்றுத்தான் காய்ந்ததுபோல.
அசல் அல்ல, மாதிரிதான் என்று
முழங்கால் உயரத்தில், சின்ன எழுத்தில்,
நான்கு மொழிகளிலும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.
தமிழில் மட்டும் அது 'டிராம' என்று நின்றது.
இந்த ஊரில் தொலைந்த புள்ளிகளெல்லாம்
எந்த அலுவலக இழுப்பறையில் சேர்கின்றனவோ.

ஒரு பையன் மணிப் பொத்தானை அழுத்துகிறான்.
டிங் டிங்.
அவன் தங்கை அழுத்துகிறாள்.
டிங் டிங்.
வண்டி கிளம்பவில்லை என்பதை
இருவரும் இன்னும் நம்பவில்லை.

இரண்டாம் வகுப்புப் பலகையில் கொஞ்சம் உட்கார்ந்தேன்.
எதிர்ச் சுவரில் ஒரு புகைப்படம்:
'பயணிகள், ஆண்டு தெரியவில்லை.'
படிக்கட்டில் எல்லாரும் கேமராவைப் பார்க்க
தலைப்பாகைக்காரன் ஒருவன் மட்டும்
குனிந்து சக்கரத்தைப் பார்க்கிறான்.
என்ன சத்தம் கேட்டிருக்கும் அவனுக்கு?
எனக்கும் அதே நோய்.
ஜோகூர் போகும் பேருந்தில்கூட
அடியில் எது கடகடக்கிறது என்றுதான் காது போகும்.

அசல் என்று அங்கே இருந்தது
இரண்டு துண்டு இரும்பு மட்டும்.
ஏதோ சாலையைத் தோண்டியபோது கிடைத்தவையாம்.
தார் பூசிய மேடையில், ஒரு மீட்டர் இடைவெளியில்
படுக்க வைத்திருந்தார்கள்.
என் தடம் அகலம் கூடியது,
ஆயிரத்து நானூற்று முப்பத்தைந்து மில்லிமீட்டர்.
சில மில்லிமீட்டர் விலகினால் தூக்கம் போகும்.

கயிற்றுக்கு இப்பால் மண்டியிட்டேன்.
இடது துண்டின் விளிம்பு
தேய்ந்து பிளேடாகியிருந்தது.
அப்படியென்றால் இது வளைவில் கிடந்தது.
தினமும் ஒரே பக்கம் உரசிக்கொண்டு
ஒரு முழு ஊரும் இங்கே திரும்பியிருக்கிறது.
எந்த முனையில் என்று பலகை சொல்லவில்லை.
தேய்மானமும் ஊர் பெயர் சொல்லாது.

பிறகுதான் வலது துண்டைப் பார்த்தேன்.
பள்ளம் வெளிப்பக்கம்.

காவலுக்கு நின்றவர் பெயர் ஜுனைதி.
இடுப்பில் சாவிக்கொத்து.
கோப்பிக் கடை ரசீதின் பின்னால் வரைந்து காட்டினேன்:
சக்கரத்தின் உதடு உள்ளே இறங்க வேண்டும்,
பள்ளம் ஒன்றை ஒன்று பார்த்திருக்க வேண்டும்,
இது கோபித்துக்கொண்ட தம்பதி மாதிரி
சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறது.
"ஒன்பது மாசமா யாருமே சொல்லலையே, கக்."
அவரும் மண்டியிட்டார். சாவிகள் தரையில் சிதறி ஒலித்தன.
விரலை விட்டுப் பார்த்தார்.
"அப்போ இத்தனை நாளா
தடம் புரண்டுதான் நிக்குதா?"

சிரித்து முடித்ததும் படிவம் கொடுத்தார்.
பெயர். கைப்பேசி எண். குறை என்ன.
'காட்சிப்பொருளுக்கும் உங்களுக்கும் உள்ள உறவு':
நன்கொடையாளர், வாரிசு, ஆய்வாளர், மற்றவை.
மற்றவையில் கோடிட்டு எழுதினேன்:
ராத்திரி மேலே நடப்பவள்.
வாசித்தபோது எனக்கே பேய் மாதிரி இருந்தது.
அடித்துவிட்டு, தண்டவாளப் பராமரிப்பு என்றேன்.

மறுநாள் இரவு காதிபுக்கும் இயோ சூ காங்குக்கும் நடுவே
நெற்றி விளக்கோடு நடக்கையில்
ஒரு கிளிப் தளர்ந்திருந்தது.
கூட வந்த குவெக் சுத்தியலை நீட்டினான்.
தட்டினேன், குறித்தேன், நடந்தேன்.
கீழே தெருவில் ஒரு டாக்சி மட்டும் விழித்திருந்தது.

ஜுனைதியின் செய்தி வந்தது வெள்ளிக்கிழமை.
துண்டைத் திருப்பி வைக்க ஆறு வாரம் ஆகுமாம்,
குழு கூட வேண்டுமாம்.
எங்களுக்கு ஓர் இரவில்
மூன்று மணி நேரம்தான் தருவார்கள்.
அதை அவருக்கு எழுதவில்லை.
அந்தப் புள்ளியையும் வைக்கச் சொல்லுங்கள் என்று மட்டும் அனுப்பினேன்.