இரண்டு சதவீதம்

என்னிடம் மரம் இல்லை.
உரிமம் இருக்கிறது, அஜ்மானில் எடுத்தது.
ஒரு மேசையில் மூன்றில் ஒரு பங்கு,
செவ்வாயும் வியாழனும் மட்டும் உட்காரலாம்.
காரின் டிக்கியில்
ஒரு சாண் நீளத்தில் ஒன்பது துண்டுகள்.
லாட்வியாவின் ஸ்ப்ரூஸ், பைன், ஓரமாய் ஒரு பிர்ச் பிளைவுட்.
முதுகில் என் கையெழுத்தில் அளவுகள்.

பதினோரு வருடம் ஷார்ஜாவில், சஜ்ஜாவில்,
அடுத்தவர் மரத்துக்குக் கடிதம் அடித்தேன்.
எந்த ஆலை எந்த மாதம் பணத்துக்குத் தவிக்கும்,
எது ஆறாம் தரத்தை ஐந்தென்று கட்டி அனுப்பும்,
யாருடைய கப்பல் காகிதம் எப்போதும் பிந்தும்,
எல்லாம் என் விரல்களுக்குத் தெரியும்.
கம்பெனி மூடிய அன்று
கணினியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.
விரல்களை விட்டுவிட்டார்கள்.

ஆலைக்காரி இல்ஸே வீடியோவில் கேட்டாள்:
"உங்கள் ஊரில் என்ன மரம்?"
எந்த ஊரைக் கேட்கிறாள் என்று தெரியாமல்
போனைத் திருப்பிக் காட்டினேன்.
வேலிக்கு வெளியே ஒரு காஃப்.
ஒட்டகம் எட்டும் உயரம்வரை இலையில்லை.
"அதை அறுப்பீர்களா?"
"அறுத்தால் அபராதம்."
சிரித்தாள். அவளுக்குப் பின்னால் பனி,
பனிமேல் கட்டை, கட்டைமேல் பனி.
அன்றுதான் இரண்டு சதவீதம் என்று முடிவானது.
மூன்று கேட்டிருந்தேன்.

ஜூன் மாதம் கிடங்கு கிடங்காக ஏறி இறங்கினேன்.
காவலாளிகள் என்னை
யாருடைய மனைவி என்று விசாரித்தார்கள்.
முதலாளிகள் டீ கொடுத்தார்கள், விலை கேட்டார்கள்,
விலையைக் கேட்டபின் இன்னொரு டீ கொடுத்தார்கள்.
இருபத்து மூன்றாவது கிடங்கில்
பக்தியார் மட்டும் துண்டை மோந்து பார்த்தார்,
நகத்தால் கீறினார்.
"ஒரு கன்டெய்னர்.
தப்பானால் உன் வீட்டு வாசலில் இறக்குவேன்."

நாற்பத்தைந்து கனமீட்டர்.
எனக்கு எண்ணூற்று இருபத்தாறு திர்ஹம்,
அதுவும் தொண்ணூறு நாள் கழித்து.
தூத்துக்குடியிலிருந்து தம்பி கேட்டான்:
"லைசென்ஸுக்கு எவ்வளவுக்கா கட்டின?"
சிக்னல் சரியில்லை என்றேன்.

இரண்டாவது கன்டெய்னர் வந்ததை
டிரெய்லர் ஓட்டுகிறவர் சொல்லித்தான் தெரியும்.
பக்தியார் நேரே எழுதியிருக்கிறார்,
இல்ஸே நேரே பதில் போட்டிருக்கிறாள்,
மரியாதையாகத்தான் எழுதிக்கொண்டிருப்பார்கள்.
யாரையும் திட்டவில்லை.
டிக்கியைத் திறந்தேன்.
பைன் துண்டு தலைப்பிலிருந்து என் கையெழுத்துவரை
வெயிலில் பிளந்திருந்தது.
உள்ளே இன்னும் பிசின் மணம்.

பிறகு ஒரு காலை, போன்:
"மேடம், நீலம் பாய்ந்திருக்கிறது."
பத்தாவது நிமிடம் இல்ஸேயின் மெயில்:
"படத்தில் நிழலாக இருக்கலாம்.
நீங்கள் போய்ப் பார்க்க முடியுமா?"

போகாமல் இருந்திருக்கலாம்.
ஈரமானியின் இரண்டு ஊசிகளை
ஒவ்வொரு கட்டிலும் குத்தினேன்.
பதினெட்டு. பதினேழு. இருபத்தாறு. பதினெட்டு. இருபத்தேழு.
பதினாறு கட்டில் ஐந்து ஈரத்தோடு ஏறியவை.
நீலத்தை உளியால் சீவினால் இரண்டு மில்லி.
"ஷட்டரிங்குக்குப் போகும், கதவுக்கு ஆகாது" என்றேன்.
ஆலையின் ஆளா, தன் ஆளா என்று
பக்தியார் என் முகத்தைப் பார்த்தார்.
எனக்கே தெரியாததை அங்கே எப்படிக் கண்டுபிடிப்பார்.

அவர் நாற்பது கேட்டார், அவள் ஐந்து தந்தாள்.
அவர் ஆலையைத் திட்டியதை நான் அவளிடம் சொல்லவில்லை,
அவள் அவர் கிடங்கைக் குறை சொன்னதையும் அவரிடம்.
ஐந்து கட்டுக்கு மட்டும் பதினைந்து சதவீதம் தள்ளுபடி,
அஸருக்கு பாங்கு சொல்லுமுன் இருவரும் சம்மதித்தார்கள்.

மேசையில் அடுத்த கன்டெய்னரின் ஒப்பந்தம் கிடந்தது.
முகவர் என்ற இடத்தில்
ஒரு சின்னக் கோடு.
அவருடைய பேனாவை எடுத்து
கோட்டின்மேல் எழுதினேன்:
ஜெசிந்தா. இரண்டரை.

பக்தியார் கண்ணாடி போட்டுப் படித்தார்.
டீ சொன்னார்.